மலிவுக் கணினி ஏன் கடையை விட்டு இறங்கியது?

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழியை ஆரம்பப்பள்ளியில் நாம் எல்லாரும் மனனம் செய்திருக்கிறோம். தேர்வில் பொருள் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். சந்தையில் சுண்டைக்காய் மலிவுதான். அதை வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கத்தான் செலவு அதிகம். விலைச்சீட்டில் இருக்கும் எண் வேறு, அந்தப் பொருளுக்காக ஒருவர் உண்மையில் கொடுக்கும் விலை வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்தப் பழமொழியை மறந்ததால் அமெரிக்காவில் சில நிறுவனங்கள் பெருநட்டம் அடைந்தன. குறைந்த விலையில் எல்லார் வீட்டுக்கும் இணையத்தைக் கொண்டு சேர்க்கப் போகிறோம் என்று அவை புறப்பட்டன. நல்ல நோக்கம்தான். ஆயினும் அவற்றின் கருவிகள் கடை அலமாரியில் நீண்ட காலம் நிலைக்கவில்லை. அவற்றுள் முக்கியமான இரண்டை எடுத்துக்கொண்டு, அவை ஏன் தோற்றன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். கணினித்துறை மாணவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அல்ல இது. வசதி குறைந்தவர்களுக்கு எதைக் கொடுத்தால் போதும் என்று முடிவு செய்யும் எல்லாருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

198 டாலர் கணினி

2007 நவம்பரில் அமெரிக்காவின் வால்மார்ட் பேரங்காடிகளில் ஒரு புதிய மேசைக்கணினி விற்பனைக்கு வந்தது. பெயர் ஜிபிசி. தயாரித்தது எவரெக்ஸ் என்னும் நிறுவனம். விலை 198 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 660 ரிங்கிட். திரை தனியாக வாங்க வேண்டும். விசைப்பலகை, சுட்டி, ஒலிபெருக்கி ஆகியவை பெட்டியிலேயே இருந்தன.

விலை எப்படி இவ்வளவு குறைந்தது? முதலாவதாக, உள்ளே இருந்த வன்பொருள் எளிமையானது. வியா நிறுவனத்தின் 1.5 கிகாஹெர்ட்ஸ் சி7 வகைச் செயலி, 512 மெகாபைட் நினைவகம், 80 கிகாபைட் வன்தட்டு. இரண்டாவதாக, அதில் விண்டோஸ் இல்லை. அதே ஆண்டில் அதே எவரெக்ஸ் நிறுவனம் விண்டோஸ் விஸ்டாவுடன் ஒரு கணினியை வால்மார்ட்டில் 298 டாலருக்கு விற்றது. அதில் நினைவகம் கூடுதல் என்பது உண்மை. எனினும் விலை வேறுபாட்டில் விண்டோஸ் உரிமத்துக்கும் ஒரு பங்கு இருந்தது. ஜிபிசியில் விண்டோஸுக்குப் பதிலாக ஜிஓஎஸ் என்னும் இலவச இயங்குதளம் இருந்தது. அது லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்பட்டது.

திரையைத் திறந்தால் பச்சை மலைகளின் படம். கீழே வரிசையாகச் சின்னங்கள். ஜிமெயில், யூடியூப், விக்கிப்பீடியா, முகநூல், கூகுள் ஆவணங்கள் என்று பெரும்பாலானவை இணையத்தளங்களுக்கு அழைத்துச் செல்பவை. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் ஓப்பன்ஆபிஸ் இருந்தது. மின்னஞ்சல் பார்க்கவும் செய்தி படிக்கவும் வீடியோ பார்க்கவும் இணையம் போதும். அதற்கு ஏன் பெரிய கணினி, விலையுயர்ந்த மென்பொருள் என்பதே இதன் பின்னால் இருந்த கருத்து.

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஜிபிசியின் தாய்ப்பலகை மிகச் சிறியது. ஒரு சின்னப் பெட்டியில் அடக்கியிருக்கலாம். ஆனால் அதைப் பெரிய கோபுரப் பெட்டி ஒன்றுக்குள் வைத்து விற்றார்கள். வால்மார்ட்டுக்கு வரும் வாடிக்கையாளர்கள் பெட்டி பெரிதாக இருந்தால்தான் சக்தி வாய்ந்த கணினி என்று நம்புவார்கள் என ஆய்வில் தெரிந்ததாம். இதை ஜிஓஎஸ் இயங்குதளத்தை உருவாக்கிய டேவிட் லியுவே பத்திரிகைக்குச் சொன்னார். இந்தப் பெரிய பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

அமெரிக்காவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளைக் கொண்ட வால்மார்ட், சுமார் 600 கடைகளில் மட்டும் இதை வைத்துச் சோதித்துப் பார்த்தது. தன் இணையக் கடையிலும் விற்றது. தொடக்கத்தில் நல்ல வரவேற்பு. முதலில் வந்த சரக்கு சில வாரங்களிலேயே தீர்ந்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. லினக்ஸ் ஆர்வலர்கள் மகிழ்ந்தார்கள். விண்டோஸின் ஆதிக்கம் முடியப் போகிறது என்றுகூடச் சிலர் எழுதினார்கள்.

2008 மார்ச்சில் வால்மார்ட் தன் முடிவை அறிவித்தது. கடைகளில் இருந்த சரக்கு விற்றுவிட்டது. இனி புதிதாக வரவழைக்கப் போவதில்லை. வாடிக்கையாளர்கள் தேடி வந்தது இதுவல்ல. இணையக் கடையில் மட்டும் விற்பனை தொடரும். நான்கே மாதங்களில் ஜிபிசி அலமாரியிலிருந்து இறங்கியது.

விற்றுத் தீர்ந்த பொருளை ஏன் ஒரு கடை நிறுத்த வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை காண, எட்டு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று இன்னொரு கருவியைப் பார்க்க வேண்டும்.

99 டாலருக்கு இணையம்

1990களின் பிற்பகுதியில் 'இணையக் கருவி' என்ற சொல் அமெரிக்காவில் பரவலாக அடிபட்டது. சோறு வடிக்க ஒரு மின்சாதனம், துணி துவைக்க ஒரு மின்சாதனம் இருப்பதைப் போல, இணையத்துக்கென்றே ஒரு வீட்டுச் சாதனம் வேண்டும் என்பதே அந்தச் சிந்தனை. அன்றைய கணினி விலை அதிகம், அடிக்கடி நின்றுபோகும், பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். மின்னஞ்சல் மட்டும் பார்க்க விரும்பும் தாத்தா பாட்டிக்கு அது எதற்கு?

டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இயங்கிய நெட்பிளையன்ஸ் நிறுவனம் 1999 நவம்பரில் ஐ-ஓப்பனர் என்னும் கருவியை வெளியிட்டது. பத்து அங்குலத் தட்டைத்திரை, ஒரு விசைப்பலகை, தொலைபேசிக் கம்பியில் இணைக்கும் மோடம். சமையலறை மேசையில் வைத்துக்கொள்ளலாம். கம்பியைச் செருகினால் இணையம் வந்துவிடும். விசைப்பலகையில் பீட்சா வரவழைப்பதற்கென்றே தனியாக ஒரு விசைகூட இருந்தது.

விலை முதலில் 199 டாலர். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 99 டாலராகக் குறைத்தார்கள். ரிங்கிட் அப்போது ஒரு டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தப்பட்டிருந்த காலம். ஆகவே 376 ரிங்கிட். அன்று தட்டைத்திரை மட்டும் தனியாக வாங்கினாலே இதைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டும். சர்கியூட் சிட்டி போன்ற பெரிய மின்சாதனக் கடைகள் இதை அலமாரியில் அடுக்கின.

99 டாலருக்கு எப்படி விற்க முடிந்தது? உண்மையில் முடியவில்லை. ஒவ்வொரு கருவியையும் செய்ய ஆன செலவு விற்பனை விலையைவிட மிக அதிகம். மீதியை நிறுவனமே தாங்கியது. சவரக்கத்தியை மலிவாகக் கொடுத்து அலகுகளில் லாபம் பார்ப்பதைப் போல, இணையச் சேவைக் கட்டணத்தில் அந்த நட்டத்தை ஈடுகட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள். மாதக் கட்டணம் 21.95 டாலர். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 263.40 டாலர். சுண்டைக்காய் 99, சுமைகூலி 263. இரண்டாம் ஆண்டும் அதே கூலி.

இதிலும் ஒரு சிக்கல். அந்த 21.95 டாலர் முழுவதும் லாபம் அன்று. தொலைபேசி இணைப்பு, வாடிக்கையாளர் உதவி, விளம்பரம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரு வாடிக்கையாளர் நீண்ட காலம் விடாமல் கட்டினால்தான் முதல் நாள் நட்டம் தீரும். அவர் இடையில் விலகினால் நட்டம் நிறுவனத்தின் தலையில் விழும்.

திருகாணியைக் கழற்றியவர்கள்

2000 மார்ச்சில் லாஸ் வேகாஸைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் ஐ-ஓப்பனரைத் திறந்து பார்த்தார். வெளியே சாதனம் போல் தோன்றிய அது உள்ளே ஒரு முழுக் கணினியாக இருந்தது. சாதாரணக் கணினிகளில் உள்ள வகைச் செயலி, 32 மெகாபைட் நினைவகம். வன்தட்டுக்குப் பதில் 16 மெகாபைட் அளவுள்ள சிறிய நினைவுச் சில்லு. அதில் கியூஎன்எக்ஸ் என்னும் இயங்குதளம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, தாய்ப்பலகையில் வன்தட்டு பொருத்தும் இணைப்பு அப்படியே இருந்தது. முனைகளின் வரிசை மட்டும் மாறியிருந்தது. அதற்கேற்பக் கம்பியை மாற்றிச் செய்தால் மடிக்கணினி வன்தட்டு ஒன்றைப் பொருத்தி லினக்ஸையோ விண்டோஸையோ ஓட்டலாம்.

செய்தி பரவியது. மாணவர்களும் பொறியாளர்களும் கடைகளுக்கு ஓடினார்கள். 99 டாலருக்குத் தட்டைத்திரைக் கணினி! கருவியை வாங்கினார்கள், சேவையில் சேரவில்லை. சட்டப்படி அது தவறும் இல்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்குச் சொந்தம்தானே. ஆனால் இப்படி விற்ற ஒவ்வொரு பெட்டியிலும் நெட்பிளையன்ஸுக்குப் பண நட்டம். விற்பனை உயர உயர நட்டமும் உயர்ந்தது.

இதே மார்ச் 17ஆம் நாள்தான் நெட்பிளையன்ஸ் பங்குச் சந்தையில் நுழைந்தது. ஒரு பங்கு 18 டாலர் வீதம் 80 லட்சம் பங்குகள். திரட்டிய தொகை 14 கோடியே 40 லட்சம் டாலர். அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகள் உச்சத்தைத் தொட்டுச் சரியத் தொடங்கி அப்போது ஒரு வாரமே ஆகியிருந்தது.

நிறுவனம் என்ன செய்தது? கருவிக்குள் பசை ஊற்றி, பிறர் மாற்றாதபடி அடைத்தது. சேவையில் சேராதவர்கள் கூடுதல் தொகை கட்ட வேண்டும் என்று நிபந்தனையை மாற்றியது. பின்னர் விலையையும் உயர்த்தியது. பசையைச் சுரண்டி எடுக்க ஆர்வலர்கள் வழி கண்டுபிடித்தார்கள். விலை உயர்ந்ததும், யாருக்காக இந்தக் கருவி செய்யப்பட்டதோ அவர்களும் வாங்கவில்லை. 2000 முடிவதற்குள் பங்கு விலை ஒரு டாலருக்கும் கீழே வந்தது. கருவி விற்பனையும் நின்றது. விளம்பரங்களில் முழு விவரம் சொல்லவில்லை, வாடிக்கையாளரிடம் முறையின்றிக் கட்டணம் பிடித்தது என்ற குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2001இல் ஒரு லட்சம் டாலர் செலுத்தி நெட்பிளையன்ஸ் அதைத் தீர்த்துக்கொண்டது.

அந்த நிறுவனம் அத்தோடு அழிந்துவிடவில்லை. 2001இல் டிப்பிங்பாயிண்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டு, கணினி வலையமைப்புகளைத் தாக்குதலிலிருந்து காக்கும் தொழிலில் இறங்கி வெற்றி பெற்றது. 2005இல் அதை வாங்கியது திரீகாம் நிறுவனம். அந்தத் திரீகாமும் 2000 அக்டோபரில் ஆட்ரி என்ற பெயரில் 499 டாலருக்கு ஓர் இணையக் கருவியை வெளியிட்டு, 2001 மார்ச்சில் கைவிட்ட நிறுவனம். சோனியின் ஈவில்லா அதைவிடக் குறைந்த ஆயுள் கொண்டது. 2001 ஜூனில் வந்து ஆகஸ்டில் போய்விட்டது. ஏறத்தாழ 500 டாலர் விலையுள்ள இக்கருவிகளின் தோல்விக்குக் காரணம் சொல்வது எளிது. அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எல்லாம் செய்யக்கூடிய கணினியே கிடைத்தது.

கடைக்காரரின் கணக்கு

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். ஜிபிசியில் நெட்பிளையன்ஸின் கோளாறு எதுவும் இல்லை. மாதக் கட்டணம் இல்லை. யாரும் பூட்டி வைக்கவில்லை. விரும்பியவர் விரும்பிய மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். அப்படியிருந்தும் வால்மார்ட் ஏன் நிறுத்தியது?

பேரங்காடிக்கு அலமாரி என்பது நிலம் மாதிரி. ஓர் அடி நீள இடத்தில் எந்தப் பயிர் அதிக விளைச்சல் தரும் என்றே அது பார்க்கும். பொருள் விற்றதா என்பது முதல் கேள்வி மட்டுமே. அது திரும்பி வந்ததா, ஊழியரின் நேரத்தைத் தின்றதா, அந்த இடத்தில் வேறொன்றை வைத்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பவை அடுத்தடுத்த கேள்விகள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 200 டாலர் கணினியில் கடைக்கு 10 டாலர் லாபம் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பெட்டி விற்று, அதில் ஒன்று திரும்பி வருகிறது. பிரித்த பெட்டியைச் சோதித்து, மறுபடி கட்டி, விலை குறைத்து விற்பதில் 60 டாலர் நட்டம் என்று கொள்வோம். ஒன்பது பெட்டிகளில் கிடைத்த 90 டாலர் லாபத்தில் 60 டாலர் போய்விட்டது. இன்னொரு பெட்டியும் திரும்பினால் எட்டுப் பெட்டிகளின் 80 டாலர் லாபத்துக்கு எதிராக 120 டாலர் நட்டம். விலை குறைந்த பொருளில் லாபமும் மெல்லியது. ஆகவே அது ஒரு சின்ன ஏமாற்றத்தைக்கூடத் தாங்காது.

ஜிபிசி எவ்வளவு விற்றது, எத்தனை திரும்பின என்ற எண்ணிக்கையை வால்மார்ட் வெளியிடவில்லை. ஆனால் இதே போன்ற இன்னொரு பொருளைப் பற்றி நமக்குத் தெரியும். 2008இல் தைவானின் எம்எஸ்ஐ நிறுவனம் தன் சிறிய மடிக்கணினியை லினக்ஸுடனும் விண்டோஸ் எக்ஸ்பியுடனும் விற்றது. லினக்ஸ் கணினிகள் எக்ஸ்பி கணினிகளைவிடக் குறைந்தது நான்கு மடங்கு அதிகமாகத் திரும்பி வருகின்றன என்று அந்நிறுவனத்தின் அதிகாரியே கூறினார். லினக்ஸில் பழுது என்பது இதன் பொருளன்று. வாங்கியவர்கள் எதிர்பார்த்தது பெட்டிக்குள் இல்லை என்பதே பொருள்.

இப்போது அந்தப் பெரிய கோபுரப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். கடைக்கு வரும் ஒரு தாய், பக்கத்துப் பெட்டிகளைப் போலவே தோன்றும் ஜிபிசியைப் பார்க்கிறார். மற்றவை நானூறு, ஐந்நூறு டாலர். இது 198 டாலர். கணினி என்றுதான் நினைத்து வாங்குவார். மகனின் விளையாட்டு வட்டைப் போட்டால் ஓடவில்லை. ஐபாடைச் செருகினால் ஐட்யூன்ஸ் இல்லை. லினக்ஸுக்கு ஆப்பிள் அதைச் செய்யவே இல்லை. இணைய இணைப்பு இல்லாத நாளில் திரையில் உள்ள பெரும்பாலான சின்னங்களை அழுத்தினால் ஒன்றும் வராது. கடை ஊழியரைக் கேட்டால் அவருக்கும் லினக்ஸ் தெரியாது. 198 டாலர் மலிவு அவருக்கு ஒரு வாரத் தலைவலியாக மாறுகிறது.

ஒருவேளை அது இணையத்துக்கான சிறிய பெட்டியாகவே தோன்றி, அப்படியே சொல்லி விற்கப்பட்டிருந்தால்? வாங்கியவர் குறைவாக இருந்திருப்பார். திரும்பக் கொண்டு வந்தவரும் குறைவாக இருந்திருப்பார். இணையக் கடையில் விற்பனையைத் தொடர வால்மார்ட் சம்மதித்ததன் காரணத்தையும் இங்கே ஊகிக்கலாம். அங்கே விவரக்குறிப்பைப் படித்து, லினக்ஸ் என்று தெரிந்தே தேடி வந்து வாங்குபவர்கள் அதிகம். அவர்கள் ஏமாற மாட்டார்கள். ஒரே பொருள் ஓர் இடத்தில் தோற்று இன்னோர் இடத்தில் பிழைத்ததற்கு வேறுபாடு விலையில் இல்லை. வாங்குபவரின் எதிர்பார்ப்பில் இருக்கிறது.

அதே கடை, அதே விலை

கதை இத்துடன் முடிந்திருந்தால், மக்களுக்கு மலிவு இணையக் கணினி வேண்டாம் என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் 2013 ஜூனில் அதே வால்மார்ட் 199 டாலருக்கு ஏசர் குரோம்புக்கைச் சுமார் 2,800 கடைகளில் விற்கத் தொடங்கியது. ஜிபிசியைவிட ஒரு டாலர்தான் அதிகம். கடைகளோ நான்கு மடங்குக்கு மேல். குரோம்புக்கிலும் விண்டோஸ் இல்லை. அதன் அடித்தளமும் லினக்ஸ்தான். அதுவும் இணையத்தை நம்பியே இயங்கும் கணினிதான். ஐந்தே ஆண்டுகளில் என்ன மாறியது?

முதலில், பொருள் மேம்பட்டது. அது திரையோடு கூடிய மடிக்கணினி. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். பின்னால் கூகுள் நின்றது. ஜிபிசியில் உள்ள 'ஜி' என்ற எழுத்தைப் பார்த்துக் கூகுள் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் கூகுளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இரண்டாவது, மக்கள் மாறினார்கள். 2007இல் படமும் பாட்டும் கடிதமும் வீட்டுக் கணினியின் வன்தட்டில் இருந்தன. 2013இல் பெரும்பாலானவை இணையத்துக்குப் போய்விட்டன. கணினி என்றால் விண்டோஸ்தான் என்ற எண்ணத்தைத் திறன்பேசியும் ஐபேடும் உடைத்திருந்தன.

மூன்றாவது, குரோம்புக் தன்னைக் கணினி என்று மாறுவேடம் போட்டுக் காட்டவில்லை. தனிப் பெயருடன் வந்தது. பின்னர் அமெரிக்கப் பள்ளிகளில் அது பெருமளவில் பரவியதற்கும் இது போன்ற காரணமே உண்டு. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒருவர் தேர்ந்தெடுத்து வாங்கினார். நூற்றுக்கணக்கான கருவிகளை ஓர் இடத்திலிருந்து நிர்வகிக்க வழி இருந்தது. பழுதானால் பார்க்க ஆள் இருந்தது. சுமைகூலி யார் கொடுப்பது என்பதற்கு முதலிலேயே விடை இருந்தது.

இடையில் வந்த ஆசுஸ் ஈ பிசியும் இதையே சொல்கிறது. 199 டாலர் என்று 2007இல் அறிவிக்கப்பட்டு, கடைக்கு வந்தபோது அதன் முதன்மை வகை 399 டாலர் ஆனது. தொடக்கத்தில் லினக்ஸ் மட்டும். மக்கள் விண்டோஸ் கேட்டார்கள். 2008இல் மைக்ரோசாப்ட், தான் ஓய்வு கொடுக்கவிருந்த எக்ஸ்பியை இத்தகைய சிறு கணினிகளுக்காக நீட்டித்தது. அதன்பின் சந்தை எக்ஸ்பி பக்கம் சாய்ந்தது. விலை குறைந்த பொருளை வாங்குபவரும் குறைந்த ஆசையோடு வாங்குவதில்லை. பக்கத்து வீட்டில் உள்ளது தன் வீட்டிலும் ஓட வேண்டும் என்றே விரும்புகிறார்.

நமக்கு என்ன?

அமெரிக்கக் கடைக் கதையை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நான் இடைநிலைப்பள்ளி மாணவன். வீட்டில் கணினி இல்லை. அம்மாவின் கைப்பேசியில் நானும் தங்கையும் முறைவைத்து இயங்கலை வகுப்பில் சேர்ந்தோம். கைப்பேசி இருக்கிறதே, அது போதாதா என்று அப்போது பலர் சொன்னார்கள். பாடம் கேட்கப் போதும்தான். ஆனால் தமிழ்க் கட்டுரையைத் தாளில் எழுதி, படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்பினேன். தவறுகளைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டுமென்றால் மறுபடி முழுவதும் எழுத வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யப் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் கற்றேன். இணையக் கருவி என்று 1999இல் கனவு கண்டார்களே, அது இன்று கைப்பேசியாக எல்லார் கையிலும் இருக்கிறது. படிக்கவும் பார்க்கவும் அது சிறந்த கருவி. எழுதவும் உருவாக்கவும் அது போதவில்லை. ஐ-ஓப்பனரைத் திறந்து வன்தட்டு பொருத்திய அந்த மாணவர்கள் தேடியதும் இதையே என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்மில் பலர் பள்ளிகளுக்குக் கணினி அன்பளிப்புச் செய்யும் நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டிருக்கிறோம். பதாகை கட்டி, படமெடுத்து, மகிழ்ச்சியோடு திரும்பியிருக்கிறோம். அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்கு ஓராண்டு கழித்துச் சென்றபோது கணினிகள் துணி போர்த்திப் பொருட்கிடங்கில் இருந்ததைக் கண்டேன். இரண்டில் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. மற்றவை பழுது, பார்க்க ஆளில்லை. அதில் பள்ளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுண்டைக்காயைக் கொடுத்துவிட்டுச் சுமைகூலியை அவர்கள் தலையில் வைத்துவிட்டு வந்தவர்கள் நாம்தான்.

ஆகவே அடுத்த முறை ஒரு மலிவுக் கருவியை வாங்கும்போதோ பிறருக்குக் கொடுக்கும்போதோ மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். விலைச்சீட்டில் இல்லாத செலவை மாதாமாதம் கட்டப் போவது யார்? பெறுபவர் எதைச் செய்ய நினைக்கிறாரோ அதை இந்தக் கருவி உண்மையில் செய்யுமா? அது நின்றுபோகும் நாளில் அவர் யாரை அழைப்பார்?

கடைசிக் கேள்விக்கு நம் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாலே போதும். அந்தக் கணினிகள் துணிக்கு அடியில் போய்ச் சேராமல் இருக்க அது ஒரு நல்ல தொடக்கம்.